தங்கக் கைக்கடிகாரமும் அதன் உலோகங்களும்

1930-களின் தொடக்கம் முதல் 1960-களின் இறுதி வரை ஜெனீவாவிலும் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையோர ஊர்களிலும் செய்யப்பட்ட தங்கக் கைக்கடிகாரங்களுக்கு ஒரு பொதுச் சாயல் உண்டு. வட்டக் கூடு, 31 முதல் 36 மில்லிமீட்டர் வரை விட்டம், வெள்ளி நிற டயல், எண்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் தங்கக் கோடுகள், தோல் பட்டை. மணி முள்ளும் நிமிட முள்ளும் நடுவில் இருக்கும். ஆறு மணிக்கு மேலே ஒரு சிறு வட்டத்துக்குள் வினாடி முள் தனியே ஓடும். பெரும்பாலானவை தேதி காட்டுவதில்லை, இருட்டில் ஒளிர்வதில்லை, தண்ணீர் படுவதைத் தாங்குவதில்லை. கோட்டும் முழுக்கைச் சட்டையும் அணிந்து போகும் மாலை விருந்துகளுக்கு ஏற்ற கடிகாரம் என்பதால் டிரெஸ் வாட்ச் என்ற பெயர் வந்தது. சட்டையின் கைப்பட்டிக்கு அடியில் தடையின்றி நுழைய வேண்டும். ஆகவே மெல்லியதாக இருப்பதுதான் இவ்வகைக்கு முதல் இலக்கணம்.

இந்த இலக்கணத்தை வகுத்ததாகப் பலரும் சுட்டுவது பட்டேக் பிலிப் நிறுவனத்தின் 96 என்னும் எண்ணுடைய கலத்ராவா கடிகாரம். அது வெளிவந்த 1932ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுப்பகுதி. விலை உயர்ந்த கடிகாரங்களை வாங்க ஆளில்லாமல் தடுமாறிய அந்நிறுவனத்தை, அதற்கு டயல் செய்து கொடுத்துவந்த சார்ல்ஸ், ஜான் ஸ்டெர்ன் சகோதரர்கள் அதே ஆண்டில் வாங்கினார்கள். 31 மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தக் கடிகாரம் நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டது. அதற்கு முந்தைய கைக்கடிகாரங்கள் பலவற்றில், பட்டையைக் கோக்கும் காதுகள் எனப்படும் கம்பிகள் ஒரு சிறிய பாக்கெட் கடிகாரத்தின் மேல் பின்னால் ஒட்டவைத்தவை போலத் தெரியும். 96இல் அந்தக் காதுகள் கூட்டின் பக்கவளைவிலிருந்தே வளர்ந்து இறங்குகின்றன. கைக்கடிகாரம் தனக்கென ஒரு வடிவத்தை அடைந்தது இங்கேதான் என்று சொன்னால் மிகையாகாது.

கண்ணுக்குத் தெரிவது தங்கம். ஆனால் இக்கடிகாரம் நேரத்தைச் சரியாகக் காட்டியதற்குத் தங்கம் காரணமில்லை. நிக்கலும் இரும்பும் கலந்த ஒரு சுருள் கம்பி, பெரிலியம் சேர்த்த ஒரு செம்புச் சக்கரம், சூளையில் வளர்த்த மாணிக்கக் கற்கள் ஆகியவைதான் காரணம். இருபதாம் நூற்றாண்டின் உலோகவியல் சாதித்த நுட்பமான வேலைகளில் சில, ஒரு பழைய தங்கக் கூட்டின் பின்மூடிக்குள் வெளியே தெரியாமல் இருக்கின்றன. இந்த அத்தியாயம் கூட்டிலிருந்து தொடங்கி அந்தச் சுருளை நோக்கி உள்ளே செல்கிறது.

கூடு

நகைக்கடையில் நமக்குப் பழக்கமான தங்கம் 22 காரட். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். சுவிஸ் கடிகாரக் கூடுகள் பெரும்பாலும் 18 காரட். ஆயிரத்தில் 750 பங்கு. கடிகாரக் கூட்டின் பின்மூடி, திறந்து மூடும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறுகிப் பொருந்த வேண்டும். காதுகளில் பட்டையின் இழுவிசை நாள் முழுவதும் இருந்துகொண்டே இருக்கும். 22 காரட் தங்கம் அதற்கு மிகவும் மென்மையானது.

கலவை எப்படித் தங்கத்தைக் கடினமாக்குகிறது என்பதில் ஒரு நேர்த்தியான இயற்பியல் இருக்கிறது. தூய தங்கத்தில் அணுக்கள் ஒரே அளவில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அழுத்தம் வந்தால் ஒரு வரிசை மற்றொன்றின் மேல் எளிதாக நழுவுகிறது. அதனால்தான் தங்கத்தை ஒளி ஊடுருவும் தகடாகக்கூட அடிக்க முடிகிறது. வெள்ளி அணுவின் ஆரம் தங்க அணுவின் ஆரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டும் ஏறத்தாழ 0.144 நானோமீட்டர். ஆகவே வெள்ளி தங்கத்துக்குள் சென்று அமர்ந்தாலும் வரிசை பெரிதாகக் கலைவதில்லை. செம்பு அணு சிறியது, 0.128 நானோமீட்டர். அது அமரும் இடத்தைச் சுற்றி அணிவரிசை உள்நோக்கிச் சுருங்கி வளைகிறது. நழுவும் வரிசைகள் அந்த வளைவில் சிக்குகின்றன. நிறத்தை மாற்றுவது இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. கடினத்தைத் தருவது பெரும்பாலும் செம்பின் வேலை.

18 காரட்டின் 75 விழுக்காட்டைத் தங்கம் எடுத்துக்கொண்டால் மீதி 25 விழுக்காட்டில்தான் நிறம் தீர்மானமாகிறது. வெள்ளி 12.5, செம்பு 12.5 என்று சமமாகப் பிரித்தால் நாம் பார்க்கும் வழக்கமான மஞ்சள் தங்கம். வெள்ளி 9, செம்பு 16 என்றால் இளஞ்சிவப்பு. வெள்ளியை 4.5 ஆகக் குறைத்துச் செம்பை 20.5 ஆக உயர்த்தினால் சிவப்புத் தங்கம். வெள்ளைத் தங்கத்துக்குப் பல்லேடியம் அல்லது நிக்கல் சேர்க்க வேண்டும்.

தங்கம் ஏன் மஞ்சள் என்ற கேள்விக்கு விடை ஐன்ஸ்டைனிடம் போய் முடிகிறது. தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள் உள்ளன. அந்த வலிய ஈர்ப்பில் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. அவ்வளவு வேகத்தில் சார்பியல் விளைவுகள் தலைகாட்டுகின்றன; எலக்ட்ரான் கூடுகளின் ஆற்றல் மட்டங்கள் இடம் மாறி நெருங்குகின்றன. அதனால் தங்கம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சித் திரும்புவது மஞ்சள். தனிம அட்டவணையில் தங்கத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளியில் இந்த நெருக்கம் குறைவு. அது உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

கூடு செய்வதற்குத் தங்கத் தகட்டை எஃகு அச்சுகளுக்கு இடையே வைத்து அழுத்தி எந்திரத்தால் குத்துவார்கள். ஒவ்வொரு அடியிலும் உலோகம் இறுகும். மேலும் அடித்தால் வெடிக்கும். எனவே நடுவே சூடேற்றி இளக்கி, மறுபடி அடிப்பார்கள். இறுதி அடிக்குப் பிறகு இளக்காமல் விட்டால் அந்த இறுக்கம் கூட்டிலேயே நிலைத்துவிடும். பிறகு கடைசல், பற்றவைத்தல், மெருகு.

சுவிட்சர்லாந்தில் 1880ஆம் ஆண்டின் சட்டப்படி தங்கக் கூடுகள் அரசுச் சோதனைக்கு உட்பட்டன. 18 காரட் கூட்டில் ஹெல்வீசியா என்னும் பெண்ணுருவின் தலையும், 14 காரட் கூட்டில் அணில் உருவமும் பொறிக்கப்பட்டன. 1995 வரை இந்த முத்திரைகளே நடைமுறையில் இருந்தன. எல்லாச் சுவிஸ் கடிகாரமும் சுவிஸ் கூட்டில் விற்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது. இறக்குமதி வரியைக் குறைக்க, உள்ளியந்திரத்தை மட்டும் கப்பலேற்றி, கூட்டை வாங்கும் நாட்டிலேயே செய்வது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் அப்படிப் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் 14 காரட். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் டெனிசன் நிறுவனம் ஒமேகா உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு 9 காரட் கூடுகளைச் செய்தது. அவற்றில் ஆயிரத்தில் 375 பங்கே தங்கம்.

இன்னொரு பெருங்கூட்டம் தங்கத்தால் மேற்பூசப்பட்டவை. ஒரு பித்தளைக் கட்டியின் மேல் தங்கத் தகட்டை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிணைத்து, இரண்டையும் சேர்த்து உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லியதாக இழுத்தால் கிடைப்பதுதான் ரோல்டு கோல்டு. கவரிங் நகை வழியாக இந்தச் சொல் தமிழ்நாட்டிலும் நன்கு அறிமுகமானது. மின்பகுப்பு முறையில் பூசியவற்றில் பூச்சின் தடிமனைப் பின்மூடியில் பொறிப்பதுண்டு. 20 மைக்ரான் என்பது மரியாதையான அளவு. அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. முப்பது ஆண்டு அணிந்தால் காதுகளின் முனையில் அதுவும் தேய்ந்து பித்தளை வெளிப்படும்.

முகம்

டயல் பெரும்பாலும் வெள்ளி பூசிய பித்தளைத் தகடு. அதன் மேல் நிறமற்ற மெல்லிய அரக்குப் பூச்சு. மணிக்கோடுகள் தங்கத்தில் தனித்தனியாக வெட்டிச் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள நுண்ணிய கால்கள் டயலின் துளைகளில் இறங்கிப் பின்புறம் மடக்கப்பட்டிருக்கும். பட்டேக் டயல்களில் நிறுவனப் பெயர் அச்சிடப்பட்டதாகத் தோன்றினாலும் உண்மையில் அது செதுக்கப்பட்டது. எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு எனாமல் பொடியை நிரப்பி, சூளையில் சுட்டு, சமதளமாகத் தேய்த்துவிடுவார்கள். ஸ்டெர்ன் சகோதரர்களின் தொழிற்சாலை இதில் பெயர் பெற்றது. அச்சு மை சுத்தம் செய்யும்போது அழியும், எனாமல் அழியாது.

டயலுக்கு மேலே அக்ரிலிக் பிளாஸ்டிக் மூடி. பழைய கண்ணாடி மூடிகள் அடிபட்டால் நொறுங்கி, துண்டுகள் முட்களுக்கு இடையே விழுந்தன. அக்ரிலிக் வளைந்து தாங்கும். கீறல் எளிதில் விழும் என்பது உண்மை. ஆனால் மென்மையான மெருகுப் பசையைக் கொண்டு தேய்த்தால் அந்தக் கீறல் சில நிமிடங்களில் போய்விடும்.

உள்ளே

சாவி கொடுப்பது என்றால் ஓர் எஃகுத் தகட்டுச் சுருளை இறுக்குவது. மெயின் ஸ்பிரிங் எனப்படும் இந்தச் சுருள் ஒரு சிறிய பற்சக்கரப் பேழைக்குள் இருக்கிறது. முழுதாக இறுக்கினால் அதில் சேரும் ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு. நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு கடிகாரம் ஒன்றரை நாள் ஓட வேண்டும். கணக்கிட்டால் அதன் திறன் பத்து மைக்ரோவாட்டுக்கும் கீழ். இவ்வளவு சிக்கனமாக இயங்கும் எந்திரத்தில் உராய்வு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆபத்து இருக்கிறது.

பேழை மெல்லச் சுழன்று நடுச்சக்கரத்தைத் தள்ளுகிறது. அது மணிக்கு ஒரு சுற்று. நான்காம் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. வினாடி முள் இதன் அச்சில் அமர்ந்திருக்கிறது. வினாடி முள் ஆறு மணி இடத்தில் ஒதுங்கியிருப்பதற்குக் காரணம் இதுவே. நான்காம் சக்கரம் அங்கே இருக்கிறது, முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் கூடுதல் சக்கரமும் கூடுதல் தடிமனும் வேண்டும். கடைசியாக, எஸ்கேப் சக்கரம். அதற்கு 15 பற்கள்.

இந்த இடத்தில்தான் ஆற்றல் நேரமாக மாறுகிறது. நங்கூர வடிவில் உள்ள ஒரு சிறு நெம்புகோல் தன் இரண்டு மாணிக்க முனைகளால் எஸ்கேப் சக்கரத்தின் பற்களை மாறி மாறிப் பிடித்து விடுகிறது. ஒவ்வொரு முறை விடும்போதும் பல் அந்த முனையை இலேசாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்குச் சென்று அதன் ஆட்டம் நின்றுவிடாமல் காக்கிறது. 1750-களில் லண்டனில் தாமஸ் மட்ஜ் கண்ட அமைப்பு இது. காதில் கேட்கும் டிக் டிக் ஓசை, பல்லும் கல்லும் மோதும் ஓசை. அக்காலக் கடிகாரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை துடித்தன: வினாடிக்கு ஐந்து, நாளொன்றுக்கு 4,32,000.

அந்தத் துடிப்பின் சீரைக் காப்பது பேலன்ஸ் சக்கரமும் அதன் அச்சில் பிணைந்த ஹேர் ஸ்பிரிங்கும். 1675இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அறிமுகப்படுத்திய இணை இது. சக்கரம் ஒரு பக்கம் சுழலச் சுழல மயிரிழைச் சுருள் அதை எதிர்த்து இழுக்கிறது. எவ்வளவு தூரம் சுழன்றதோ அதே விகிதத்தில் இழுவை. அப்படி இருந்தால் ஆட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறாது. சக்கரத்தின் நிறை எப்படிப் பரவியிருக்கிறது, சுருள் எவ்வளவு விறைப்பானது என்ற இரண்டு மட்டுமே அந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

வெப்பம் இந்த இரண்டையும் மாற்றிவிடும் என்பதுதான் இரண்டரை நூற்றாண்டுக் காலம் கடிகாரக் கலைஞர்களை வாட்டிய சிக்கல். சூடானால் சக்கரம் விரிந்து மெதுவாகும். அதைவிடப் பெரிய கேடு, எஃகுச் சுருள் தளர்ந்துவிடும். சாதாரண எஃகுச் சுருளும் பித்தளைச் சக்கரமும் கொண்ட கடிகாரம், ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 வினாடி பின்தங்கும். குளிர்ந்த அறையில் மேசைமேல் இருப்பதற்கும் மணிக்கட்டின் சூட்டில் இருப்பதற்கும் 20 பாகை வேறுபாடு என்றால் மூன்று நிமிடத்துக்கும் மேல் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு மாற்றாகப் பித்தளையும் எஃகும் ஒட்டிய விளிம்பை இரண்டு இடங்களில் வெட்டிவிட்ட பேலன்ஸ் சக்கரம் பயன்பட்டது. சூடானால் விளிம்பின் முனைகள் உட்புறம் வளைந்து, சுருளின் தளர்ச்சியை ஈடுகட்டும். திறமையான ஏற்பாடு, ஆனால் இரண்டு குறிப்பிட்ட வெப்பநிலைகளில்தான் சரியாக ஈடுகட்டும், இடைப்பட்ட நிலைகளில் பிழை எஞ்சும். வெட்டிய விளிம்பு சிறிய தட்டலுக்கே கோணிவிடும் என்ற குறையும் இருந்தது.

தீர்வு கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் உள்ள பன்னாட்டு எடை அளவைகள் அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய சார்ல்ஸ் எடுவார் கியோம், ஜூராவின் ஃப்ளூரியே ஊரில் ஒரு கடிகாரக் கலைஞரின் வீட்டில் 1861இல் பிறந்தவர். மீட்டர் அளவுகோல்களைப் பிளாட்டினம், இரிடியம் கலவையில் செய்வது பெருஞ்செலவாக இருந்ததால் மலிவான மாற்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1896இல், இரும்பில் ஏறத்தாழ 36 விழுக்காடு நிக்கல் சேர்த்தால் வெப்பத்தில் விரிவது எஃகில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று கண்டார். இதுவே இன்வார். கலவையின் காந்தத்தன்மையில் இதன் காரணம் இருக்கிறது. சூடேறும்போது அணுக்கள் அதிகமாக அதிர்ந்து இடம் கேட்கின்றன. அதே நேரம் அவற்றின் காந்த ஒழுங்கு தளர்ந்து, அந்தத் தளர்ச்சி உலோகத்தைச் சுருக்குகிறது. விரிவும் சுருக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

அடுத்து அவர் செய்ததுதான் கைக்கடிகாரத்துக்கு நேரடியாகப் பயன்பட்டது. நிக்கல் எஃகில் குரோமியம் சேர்த்து, வெப்பம் மாறினாலும் விறைப்பு மாறாத எலின்வார் என்ற கலவையை உருவாக்கினார். அதில் சுருள் செய்தால், ஈடுகட்டும் சக்கரமே தேவையில்லை. 1920ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காகக் கியோமுக்குக் கிடைத்தது. ஐன்ஸ்டைன் பரிசு பெறுவதற்கு முந்தைய ஆண்டின் பரிசு அது. ஓர் உலோகக் கலவைக்கு அந்தப் பரிசா என்று பின்னாளில் சிலர் குறைசொன்னதுண்டு. நில அளவையையும் நேர அளவையையும் ஒரே கையால் சீராக்கியவருக்கு அது முற்றிலும் தகுதியான பரிசே.

எலின்வார் சற்று மென்மையானது. சுருள் எளிதில் வளைந்தது. 1930-களில் ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் என்ற சுவிஸ் பொறியாளர் அதில் பெரிலியம் சேர்த்துக் கடினமாக்கி நிவாராக்ஸ் கலவையை உருவாக்கினார். இந்தச் சுருளுக்கு இணையாக, செம்பில் சிறிதளவு பெரிலியம் கலந்த குளூசிடூர் சக்கரம் வந்தது. அதன் விளிம்பில் வெட்டு இல்லை; காந்தம் ஏறாது; அடி தாங்கும். வால்டன்பர்க் ஊரில் ஸ்ட்ராமன் நிறுவிய ஆய்வகம் பின்னாளில் எலும்பு முறிவுக்கான உலோகத் தகடுகளுக்கும் பல் பதியங்களுக்கும் சென்றது. இன்று பல் மருத்துவர்கள் நன்கறிந்த ஸ்ட்ராமன் என்ற பெயர் ஹேர் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கியது.

டயலில் எழுதப்படும் 17 கற்கள் என்ற சொல் பெருமைக்காகச் சேர்த்த அலங்காரம் என்று எண்ணுவோர் உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பேலன்ஸ் அச்சின் இரு முனைகளிலும் துளையிட்ட கல் ஒன்று, அதை மூடும் கல் ஒன்று என நான்கு. பேலன்ஸ் சக்கரத்துக்கு உந்தல் வாங்கும் கல் ஒன்று. நெம்புகோலின் முனைகள் இரண்டு. நெம்புகோல், எஸ்கேப் சக்கரம், நான்காம் சக்கரம், மூன்றாம் சக்கரம், நடுச்சக்கரம் ஆகிய ஐந்தின் அச்சுகளுக்கும் இரண்டிரண்டாகப் பத்து. மொத்தம் பதினேழு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் கடிகாரங்களிலும் இதே கணக்குதான். நம் ஊர் வீடுகளில் ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கும் ஜனதா கடிகாரத்துக்கும் தங்கக் கலத்ராவாவுக்கும் அடிப்படை அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு மெருகிலும் சரிசெய்த நுட்பத்திலும் இருக்கிறது.

அந்தக் கற்கள் செயற்கை மாணிக்கங்கள். 1902இல் பிரெஞ்சு வேதியியலர் ஓகுஸ்த் வெர்னூய் தன் முறையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடுப் பொடியை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் சுடர் வழியாகத் தூவினால், 2,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பொடி உருகித் துளித்துளியாக ஒரு தண்டின் மேல் படிந்து ஒரே படிகமாக வளர்கிறது. சிறிதளவு குரோமியம் சேர்த்தால் சிவப்பு. வேதியியல்படி இது இயற்கை மாணிக்கமேதான். வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது என்பதால் எஃகு அச்சு உரசினாலும் எளிதில் தேயாது. பேலன்ஸ் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள முனை. அது அமரும் கல்லில் கிண்ணம் போன்ற ஒரு குழி வெட்டப்பட்டிருக்கும். அதில் இடும் நுண்துளி எண்ணெய், நுண்புழை ஈர்ப்பினால் வழியாமல் துளையருகிலேயே தங்குகிறது.

முன்பெல்லாம் கடிகாரம் கீழே விழுந்தால் அந்த நுண்முனை முறிந்துவிடும். 1930-களில் வந்த இன்காபிளாக் அமைப்பில் கற்கள் ஒரு கூம்புக் குழியில் மிதப்பது போல வைக்கப்பட்டு, யாழ் வடிவ வில் ஒன்றால் அழுத்தப்படுகின்றன. அதிர்ச்சி வந்தால் கற்கள் நகர்கின்றன. அச்சின் தடித்த தோள் அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. பின் வில் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது.

மெலிவின் விலை

டிரெஸ் வாட்ச் மெல்லியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த எல்லாவற்றையும் கடினமாக்குகிறது. மெயின் ஸ்பிரிங்கின் முறுக்குவிசை அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பேழையின் உயரத்தைப் பாதியாக்கினால் விசையும் பாதியாகும். அந்த அளவு குறைந்த விசையால் ஆட்டக்கூடிய பேலன்ஸ் சக்கரம் இலேசாக இருக்க வேண்டும். இலேசான சக்கரம் வெளி அதிர்ச்சிக்கு எளிதில் தடுமாறும். தகடுகளுக்கு இடையே சக்கரங்களுக்கு உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளாகச் சுருங்குகிறது. வாஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனம் தன் 200ஆம் ஆண்டான 1955இல் வெளியிட்ட 1003 என்னும் உள்ளியந்திரத்தின் தடிமன் 1.64 மில்லிமீட்டர். 1957இல் பியாஜே வெளியிட்ட 9பி 2 மில்லிமீட்டர். இவை அழகின் உச்சங்கள். துல்லியம் மட்டுமே வேண்டியவர் அதே காலத்து ஒமேகாவின் தடித்த 30 மில்லிமீட்டர் இயந்திரத்தைத் தேர்ந்திருந்தால் தவறாகப் போயிருக்காது. பெரிய பேழையும் பெரிய சக்கரமும் கொண்ட அது, கடிகாரங்களின் துல்லியத்தைச் சோதிக்கும் வானாய்வகப் போட்டிகளில் தொடர்ந்து வென்றது.

தானாகச் சாவி ஏறும் கடிகாரங்களில் தங்கத்துக்கு ஒரு பொறியியல் வேலை கிடைத்தது. கையசைவில் சுழலும் பாரம் எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகச் சாவி ஏறும். ஆனால் கூட்டுக்குள் இடம் இல்லை. 18 காரட் தங்கத்தின் அடர்த்தி பித்தளையின் அடர்த்தியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பட்டேக் 1953இல் வெளியிட்ட தன் முதல் தானியங்கிக் கடிகாரத்தில் சுழல்பாரத்தைத் தங்கத்தில் செய்தது. 1960இல் பியாஜேயின் 12பி, பாரத்தைச் சிறிதாக்கி இயந்திரத்தின் உடலுக்குள்ளேயே பதித்து, மொத்தத் தடிமனை 2.3 மில்லிமீட்டருக்குள் அடக்கியது. சிறிய பாரம் கனமாக இருக்க வேண்டும் என்பதால் அதுவும் தங்கம்.

துல்லியத்தின் அளவையும் சொல்ல வேண்டும். ஒரு நாளில் 86,400 வினாடிகள். அதில் 10 வினாடி பிழை என்றால் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நன்றாகச் சரிசெய்யப்பட்ட அக்காலக் கடிகாரம் இந்த அளவை எட்டும். குரோனோமீட்டர் சான்றிதழ் பெற்றவை அதைவிடவும் மேல். ஒமேகா 1952இல் தொடங்கிய கான்ஸ்டலேஷன் வரிசையின் பின்மூடியில் வானாய்வகமும் எட்டு நட்சத்திரங்களும் பொறிக்கப்பட்டிருப்பது வானாய்வகப் போட்டிகளின் நினைவாகத்தான். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீகோ நிறுவனம் விற்பனைக்கு வைத்த அஸ்ட்ரான், மாதத்துக்கு 5 வினாடி பிழை என்று அறிவித்தது. அந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் கூடும் 18 காரட் தங்கம். விலை 4,50,000 யென். துல்லியத்தில் இயந்திரக் கடிகாரம் அன்றே பின்தங்கிவிட்டது.

வயது

அரை நூற்றாண்டு கடந்த தங்கக் கடிகாரத்தில் முதலில் கெடுவது எண்ணெய். பழைய காலத்தில் விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய்களைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்டில் வில்லியம் நை என்பவரின் நிறுவனம் கடற்பன்றியின் தாடை எண்ணெய்க்கே புகழ் பெற்றிருந்தது. இவை ஆக்சிஜனேற்றத்தால் தடித்துப் பசையாகும். செயற்கை எண்ணெய்கள் நெடுநாள் தாங்கினாலும் அவையும் வற்றுகின்றன. வற்றிய பின் ஓடவிட்டால் அச்சு முனைகள் கல்லில் உரசித் தேயும். ஆகவே பழைய கடிகாரம் ஓடுகிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. வாட்ச் மெக்கானிக் அதை முழுவதும் பிரித்து, கழுவி, மறுபடி எண்ணெய் இட்டபின் அணிவதே நல்லது.

அடுத்த எதிரி ஈரம். அழுத்தி மூடும் பின்மூடியும் சாவித் தண்டின் துளையும் வியர்வை ஆவியை உள்ளே விடுகின்றன. தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. சாவித் தண்டும் அதையொட்டிய எஃகுப் பாகங்களும் துருப்பிடிக்கும். அரக்குப் பூச்சு விரிசலிட்ட இடங்களில் டயலின் வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கறுக்கும். காந்தமும் தொல்லை தரும். கைப்பேசியின் ஒலிபெருக்கிக்கு அருகிலோ காந்தப் பூட்டுள்ள பையிலோ வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும். காந்த நீக்கும் கருவியில் ஒரு நொடி காட்டினால் சரியாகிவிடும்.

மனிதர் செய்யும் சேதம் இவற்றைவிடப் பெரிது. மெருகிடும் ஒவ்வொரு முறையும் கூட்டிலிருந்து தங்கம் கொஞ்சம் போகிறது. கூர்மையாக இருந்த காதுகளின் விளிம்பு உருண்டு, பொறித்த முத்திரை மங்கிவிடுகிறது. போன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவருவது அநேகமாக இயலாது. மங்கிய டயலைப் புதிதாகப் பூசி அச்சிடுவதும் அப்படித்தான். செதுக்கி எனாமல் நிரப்பிய எழுத்துகளின் மேல் மை அச்சு ஏறிய பட்டேக் டயல்களை உருப்பெருக்கியில் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

கூடு உண்மையில் முழுத் தங்கமா என்று அறிவதில் ஒரு கவனம் தேவை. நகைக்கடைகளில் உள்ள காரட் மீட்டர் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பிவரும் கதிர்களின் ஆற்றலைக் கொண்டு உலோகங்களை இனம் காண்கிறது. தங்கம் அந்தக் கதிர்களை வெகுவாக உறிஞ்சுவதால் கருவி காண்பது மேற்பரப்பின் சில மைக்ரான் ஆழத்தை மட்டுமே. 20 மைக்ரான் தங்கம் பூசிய பித்தளைக் கூட்டை அது முழுத் தங்கம் என்று காட்டிவிடக்கூடும். மூழ்கவைத்து அடர்த்தி பார்க்கும் முறைக்கும் உள்ளியந்திரத்தைக் கழற்றி வெறும் கூட்டை மட்டும் எடுக்க வேண்டும். எனவே பின்மூடியைத் திறந்து உட்புறத்தில் முத்திரையைத் தேடுவதும், அது கூட்டின் மற்ற இடங்களில் உள்ள முத்திரையோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும், காதுகளின் உட்புறத் துளையருகே தேய்ந்த இடத்தில் வேறு நிற உலோகம் தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பதும் இன்றும் நம்பத்தக்க முறைகள்.